கவிழ்ந்த படகுக்கு அடியில்

நார்த்தாமலையைத் தாண்டி, தைலமரக் காட்டு வண்டிப்பாதையில் கார் ஊர்ந்து போனது. கூரையில் கட்டியிருந்த சிவப்பு நிறக் கனூ படகின் மூக்கில் கிளைகள் உரசுவதும் விடுவதுமாக இருந்தன. மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்பியிருந்தார்கள். வெயில் இன்னும் சாயவில்லை.

வண்டியை ஓட்டியவன் கவியரசன். மஸ்கட் துறைமுகத்தில் பாதுகாப்புப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்துவிட்டு, இனி வெளிநாடு வேண்டாம் என்று சொந்த ஊரான அரிமளத்துக்கே திரும்பி வந்தவன். பக்கத்தில் அவன் மனைவி சிவரஞ்சனி. புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில், அவசர சிகிச்சைப் பிரிவில் நர்சு. அடுத்த வாரம் இருவரும் கடலோர அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய், ஒரு இரவு அங்கேயே தங்கித் திரும்புவதாக ஏற்பாடு. கல்யாணமான நாளிலிருந்து அவன் சொல்லிக்கொண்டிருந்த பயணம் அது.

அந்த ஓடைகளுக்குள் நுழைந்துவிட்டால் செல்போன் எடுக்காது. கத்தினாலும் கேட்க ஆள் கிடையாது. அதனால் கவியரசன் ஒரு மாதமாகவே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான். விசில், கயிறு, மருந்துப் பை, தண்ணீர் புகாத உறையில் தீப்பெட்டி. கரையில் ஆரோக்கியதாஸ் என்கிற மீனவ நண்பரிடம், சொன்ன பொழுதுக்குள் திரும்பாவிட்டால் தேடி வரும்படி சொல்லியாகிவிட்டது. மீதி இருந்தது ஒன்றுதான். படகு கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதை உடம்புக்குப் பழக்க வேண்டும்.

அதற்குத்தான் இந்தக் கைவிட்ட கல்குவாரி. ஓட்டம் இல்லாத தண்ணீர், வேடிக்கை பார்க்க ஆளில்லாத இடம்.

காவலாள் நாகராசு சங்கிலியை அவிழ்த்துவிட்டான். நாற்பது வயதிருக்கும். குவாரி ஓடிய காலத்தில் அங்கே கிரேன் ஓட்டியவனாம். முதலாளி போனில் சொல்லிவிட்டதாகச் சொன்னான். படகை இறக்கக் கூடமாட ஒத்தாசை செய்தான். பொழுது சாய்ந்து வெயில் பாறை உச்சிக்கு ஏறுவதற்குள் கரையேறிவிடும்படி மட்டும் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தன் கொட்டகைக்குப் போனான்.

நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டிய கருங்கல் சுவர். ஒரு பக்கம் மட்டும் லாரிகள் ஏறி இறங்கிய சரிவு, நேராகத் தண்ணீருக்குள் போய் மறைந்தது. தண்ணீர் கரும்பச்சையாக, அசைவில்லாமல் கிடந்தது. அதன் மேல் ஒரு தட்டான்கூடப் பறக்கவில்லை. நனைந்த கல்லின் வாடை.

கவியரசன் நீண்ட மூங்கில் கழியால் சரிவின் ஓரத்தைத் துழாவிப் பார்த்தான். எதுவும் தட்டுப்படவில்லை. பிறகு, லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை மனைவிக்கு இழுத்துக் கட்டிக்கொண்டே, ஏற்கெனவே சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னான். ஜாக்கெட்டைத் தண்ணீரில் கழற்றவே கூடாது. ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் கண்ணை எடுக்கக் கூடாது.

"தண்ணியில ஒருத்தர் கூப்பிட்டா, யாரு என்னன்னு பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது ரஞ்சனி. மொதல்ல போகணும்."

படகு கவிழும்போது சிலர் அதற்கடியிலேயே மாட்டிக்கொள்வார்களாம். பயத்தில் நீரைக் குடித்துவிடுவார்களாம். ஆனால் கவிழ்ந்த படகுக்குள் காற்று தங்கியிருக்கும். தலையை அதற்குள் நீட்டி, நிதானமாக மூச்சு வாங்கி, பிறகு வெளியே வரலாம். வெளியே இருப்பவர் படகின் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டுவார். உள்ளே இருப்பவர் பதிலுக்கு ரெண்டு தட்டினால், நலமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

சிவரஞ்சனி சிறு வயதில் கிணற்றில் நீந்திப் பழகியவள். அவள் ஏறி உட்கார்ந்திருந்த படகை அவன் சாய்த்ததும் பதறாமல் மூழ்கினாள். கைகளால் தடவி, விளிம்புக்கு உள்ளே தலையை உயர்த்தினாள்.

கும்மிருட்டு.

வெளியே அத்தனை வெயில் அடிக்கிறது என்பதே மறந்துபோகும் இருட்டு. விளிம்பைச் சுற்றி மட்டும் பச்சையாக ஒரு மங்கல். அவள் மூச்சை இழுத்து விட்டாள். மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் படகின் அடிப்பாகம். மூச்சுச் சத்தம் அதில் மோதித் திரும்பி வந்தது.

அவன் சொன்னபடி நிதானமாக மூச்சு விட்டாள். இழுத்தாள், விட்டாள்.

திரும்பி வந்த சத்தம் கொஞ்சம் பிந்தி வந்தது.

நர்சு காது அது. மூச்சின் போக்கைக் கேட்டே ஆளின் நிலையைச் சொல்லிவிடுகிற காது. அவளுடைய மூச்சு நீளமாக இருந்தது. மற்றது குட்டையாக, மேல்நெஞ்சோடு நின்றுவிடுகிற மூச்சாக இருந்தது.

அவள் வாயை மூடி, மூச்சை அடக்கினாள்.

மற்ற மூச்சு நிற்கவில்லை.

ரெண்டு தட்டு கேட்டது. பதிலுக்குத் தட்டாமலே முங்கி வெளியே வந்தாள். சரிவில் உட்கார்ந்து இருமினாள். உள்ளே இன்னொருவர் மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது என்று அவனிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. முதல் முறை எல்லாருக்கும் அப்படித்தான், மூடிய இடத்தில் சத்தம் நம்மை ஏமாற்றும், அலையாத்திக் காட்டில் இருட்டும் வேளையில் முதன்முதலாக இதை அனுபவிப்பதைவிட இங்கே அனுபவிப்பது நல்லது என்றான். நான் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன் என்றான்.

பாறையின் நிழல் அதற்குள் பாதிக் குளத்தைத் தாண்டியிருந்தது.

கவியரசன் உள்ளே போனான். சிவரஞ்சனி படகின் பக்கத்தில் மிதந்துகொண்டு, சற்று நேரம் விட்டு, ரெண்டு தட்டுத் தட்டினாள்.

ரெண்டு தட்டு பதில் வந்தது.

அவள் முகத்தில் நீரை வழித்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் வரவில்லை. மறுபடி தட்டினாள்.

பதில் வந்தது. ஆனால் படகிலிருந்து வரவில்லை. அவள் கால்களுக்குக் கீழேயிருந்து வந்தது. தகரத்தையோ பாத்திரத்தையோ தட்டுகிற மாதிரி, தண்ணீருக்குள் அமுங்கிய சத்தம்.

பிறகு அது நிற்கவே இல்லை. வேகவேகமாக, விரல்கள் வலிக்கிற மாதிரி, தட்டிக்கொண்டே இருந்தது.

அவள் மூழ்கி உள்ளே தலையை நீட்டினாள். இருட்டில் கணவனின் முகம் அவள் கன்னத்தில் இடித்தது. குளிர்ந்திருந்தது. அவன் குரல் மட்டும் நிதானமாக இருந்தது. அந்த நிதானம்தான் அவளைப் பயமுறுத்தியது.

"கால் எதுலயோ மாட்டிருச்சு. கம்பி மாதிரி இருக்கு. இழுக்குது."

"எது இழுக்குது?"

அவன் பதில் சொல்வதற்குள் தண்ணீர் அவன் வாய்க்கு ஏறியது. ஜாக்கெட் அவனை மேலே தூக்க, காலில் எதுவோ கீழே இழுக்க, அவன் உடம்பு கயிறு மாதிரி விறைத்து நின்றது. சிவரஞ்சனி குனிந்து போகப் பார்த்தாள். அவள் ஜாக்கெட்டும் அவளைக் கீழே விடவில்லை.

பட்டையை இழுத்துக் கழற்றினாள். அவன் கழற்றவே கூடாது என்று சொன்னதைத்தான் முதலில் கழற்றினாள். பட்டையில் செருகியிருந்த சின்னக் கத்தியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு, அவன் காலைப் பிடித்துக் கீழே இறங்கினாள்.

முழங்கால். கணுக்கால். ஷூவைச் சுற்றி, முறுக்கேறிய பழைய இரும்புக் கம்பிக் கயிறு. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. விரலால் தடவி ஷூ நாடாவைத் தேடினாள்.

ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

மெலிந்த கை. உள்ளங்கை சொரசொரப்பாகக் காய்த்திருந்தது. கண்ணாடி வளையல்கள் அவள் தோலில் நெருடின. அந்தக் கை அவளை இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து போடுகிறவர்கள், நர்சு உடுப்பைக் கண்டதும் பிடித்துக்கொள்வார்களே, அதே பிடி. எத்தனையோ பேர் அவளை அப்படிப் பிடித்திருக்கிறார்கள். ஒருவர் கையையும் அவள் உதறியதில்லை.

அன்றைக்கு அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. நாடாவை அறுத்தாள். ஷூ கம்பியிலேயே தங்கிவிட, வெறுங்கால் விடுபட்டது. இருவரும் சரிவில் வந்து விழுந்தபோது அவள் கத்தின கத்தலில் நாகராசு ஓடிவந்துகொண்டிருந்தான்.

கவியரசனின் கணுக்கால் சதை கிழிந்து வீங்கத் தொடங்கியிருந்தது. அவள் கை தன்னால் வேலை பார்த்தது. கழுவினாள், கட்டுப் போட்டாள். அவன் படகையே பார்த்துக்கொண்டிருந்தான். அது கவிழ்ந்தபடி, சரிவுக்குக் கொஞ்சம் தள்ளி, நகராமல் நின்றது. காற்று வீசிக்கொண்டிருந்தது. ஆனாலும் நகரவில்லை.

"உள்ள ஒரு பொம்பளை பேசுனாங்க" என்றான் மெதுவாக.

சிவரஞ்சனி கட்டைப் பிடித்தபடி நிமிர்ந்தாள்.

"எம்புட்டு நேரமாத் தட்டுறேன்னு கேட்டாங்க. என் காதுகிட்டக்க. கோபமா இல்ல. அழுகுற மாதிரி."

நாகராசு நின்ற இடத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு துண்டை இறக்கிவிட்டுச் சொல்லத் தொடங்கினான்.

அவள் பெயர் சொர்ணவல்லி. குவாரியில் கல் உடைத்தவர்களுக்குச் சோறாக்கியவள். கொரோனாவுக்கு முந்தின ஐப்பசியில் ஒரு நாள், மழைக்கு நடுவே, தண்ணீர் மோக்க அலுமினிய அண்டாவோடு இந்தச் சரிவில் இறங்கினாள். சேலை கிரேன் கம்பியில் சிக்கிக்கொண்டது. மேட்டுக் காட்டுத் தண்ணீர் முழுக்கப் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கழுத்துவரை ஏறியதும், அவள் அண்டாவைத் தலைக்கு மேல் கவிழ்த்திருக்கிறாள். உள்ளே தங்கிய காற்றில் மூச்சு விட்டபடி, அண்டாவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். மேலே எல்லாரும் அவள் பேரைச் சொல்லிக் கத்தித் தேடிக்கொண்டிருந்தார்கள். கவிழ்ந்து மிதந்த அண்டாவையும் பார்த்தார்கள்.

"அவ தட்டுன சத்தத்த நாங்க எல்லாரும் கேட்டோம் தங்கச்சி" என்றான் நாகராசு. "அண்டா பாறையில மோதுதுன்னு நெனச்சோம்."

வெயில் பாறையின் உச்சியில் ஒரு கோடாக மட்டும் நின்றது. பள்ளத்துக்குள் பொழுது அடைந்துவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு சத்தம் கேட்டது.

படகுக்கு அடியிலிருந்து. முன்பிருந்த வேகம் அதில் இல்லை. ரெண்டு தட்டு. நிறுத்தம். மறுபடி ரெண்டு தட்டு. பதிலுக்குக் காத்திருக்கிற தட்டு.

சிவரஞ்சனி எழுந்து மீட்புக் கயிற்றை எடுத்தாள்.

கவியரசன் அவள் காலைப் பிடித்துக்கொண்டான். வேண்டாம் என்றான். கிளம்பிவிடலாம், இந்தப் பக்கமே வர வேண்டாம் என்றான். அவளுக்கும் அதுதான் ஆசை. ஆனால் மணிக்கட்டில் அந்த விரல்கள் இருந்த இடம் இன்னும் குளிர்ந்து கிடந்தது. அந்தக் கை ஏமாந்துபோய்த் தண்ணீருக்குள் விரிந்தபடி நின்றிருக்கும் என்ற நினைப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"நான் கையப் பிரிச்சு விட்டுட்டு வந்துட்டேங்க" என்றாள். "அவங்க என்னைய ஒண்ணும் செய்யல. கூடக் கூட்டிட்டுப் போகச் சொல்லித்தான் பிடிச்சாங்க."

அவன் கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கி, அவள் இடுப்பில் தானே கட்டினான். முடிச்சை இழுத்துப் பார்த்தான். மீண்டும் இழுத்துப் பார்த்தான். மறுமுனையைத் தன் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, வால் பகுதியை நாகராசுவிடம் கொடுத்தான். கயிறு சுண்டி இழுபட்டால் உடனே இழுக்க வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது என்று அவனுக்குச் சொன்னான்.

தண்ணீர் முன்பைவிடக் குளிர்ந்திருந்தது. அவள் ஜாக்கெட் இல்லாமலே நீந்திப் போய், படகின் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டினாள்.

உள்ளே சத்தம் நின்றது.

அவள் முங்கி, இருட்டுக்குள் தலையை உயர்த்தினாள். இப்போது விளிம்பைச் சுற்றிப் பச்சை மங்கலும் இல்லை. மஞ்சள் அரைத்துப் பூசின உடம்பின் வாடை இருந்தது. சோறு வடித்த கஞ்சி வாடையும் இருந்தது. அந்தக் குட்டை மூச்சு, அவள் முகத்துக்கு நேர் எதிரே, அவள் கன்னத்து ஈரத்தில் படும்படி வந்துகொண்டிருந்தது.

கத்திவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சொர்ணம்" என்றாள். அவசரப் பிரிவில் வைத்திருக்கும் குரல் அவளை அறியாமல் வந்தது. "நான் நர்சுதான். பயப்படாதீங்க. கையக் குடுங்க, போவோம்."

மூச்சு அடங்கியது.

எதுவும் நடக்கவில்லை. தண்ணீர் மட்டும் படகின் உட்புறத்தில் மெல்ல நக்கியது.

பிறகு அவள் உள்ளங்கைக்குள் ஒரு கை வந்து அமர்ந்தது.

அவள் கயிற்றைச் சுண்டி இழுத்தாள்.

அடுத்த கணம் இடுப்பு ஒடிகிற மாதிரி இழுபட்டது. படகின் விளிம்பு தோளில் இடித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பிடித்த கையை விடாமல் போனாள். பின்னால் ஒரு கனம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. நீளமான ஈரக் கூந்தல் ஒன்று அவள் கழுத்தில் வந்து ஒட்டியது. விலகியது. மறுபடி ஒட்டியது. அவளுடைய முடி கழுத்துக்கு மேலே கொண்டையாகக் கட்டியிருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முழங்கால் கல்லில் உரசியதும் கை விட்டுப்போனது. சரிவில் தவழ்ந்து ஏறிய பிறகுதான் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கலங்கிய தண்ணீர் அடங்கிக்கொண்டிருந்தது. படகு காற்றின் போக்கில் மெல்லச் சுழன்று, எதிர்ப் பாறையை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது.

நாகராசுவின் உள்ளங்கை ரெண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. அவன் அவற்றைப் பார்க்கவில்லை. சிவரஞ்சனிக்குப் பின்னால், காலி சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டாளு கனம் இருந்துச்சு" என்று மட்டும் சொன்னான்.

படகை அவர்கள் எடுக்கவில்லை. யாருக்கும் அதைத் தொட மனமில்லை. நாகராசு கவியரசனைத் தாங்கிக் கொண்டுபோய்க் காரின் பின் இருக்கையில் கால் நீட்டிப் படுக்க வைத்தான். புறப்படும்போது நாகராசு அழுதுகொண்டிருந்ததாக சிவரஞ்சனிக்குத் தோன்றியது. ஆனால் முகத்தில் இத்தனை நேரம் இருந்த இறுக்கம் போயிருந்தது. சங்கிலியை மாட்டாமலே கொட்டகைக்குப் போனான்.

சிவரஞ்சனி வண்டியை ஓட்டினாள். தைலமரக் காட்டுப் பாதை முடிந்தது. ஊர் தென்பட்டது. ஒரு டீக்கடையில் விளக்குப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட வேன் ஒன்று எதிரே வந்து வழி கேட்டு ஒலி எழுப்பியது. எல்லாம் வழக்கம்போல இருப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பின் விறைப்புத் தளர்ந்தது. அடுத்த வாரம் போக வேண்டாம், கால் ஆறட்டும், தை பிறந்ததும் போகலாம் என்றான் கவியரசன். அவள் சிரித்தாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

நெடுஞ்சாலையில் ஏறி வேகம் எடுத்ததும் டாஷ்போர்டில் மணி அடிக்க ஆரம்பித்தது.

டிங். டிங். டிங்.

சிவப்பு விளக்கு ஒன்று மினுங்கியது. சீட் பெல்ட் போடாத ஆளின் படம். அவள் குனிந்து பார்த்தாள். தன் பெல்ட்டைப் போட்டிருந்தாள்.

விளக்கு காட்டியது பக்கத்து இருக்கையை.

அதில் யாரும் இல்லை. பையோ, துணியோ, தண்ணீர் பாட்டிலோகூட இல்லை.

அவள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். மணி நிற்கவில்லை. பின் இருக்கையில் கவியரசன் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. அவன் எட்டிப் பார்த்தான். அவன் மூச்சை உள்ளே இழுத்தது அவளுக்குக் கேட்டது. மிகத் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"போட்டு விடு."

அவள் எட்டி, பெல்ட்டை இழுத்தாள். அது நீளமாக வந்தது. காலி இருக்கைக்குத் தேவையான நீளத்தைவிட அதிகமாகவே வந்தது. கொக்கியில் மாட்டினாள்.

மணி நின்றது.

"எங்க எறங்கணும் ஒங்களுக்கு?" என்று கேட்டாள்.

திருச்சிப் பக்கமிருந்து வந்த லாரி ஒன்று அவர்களைக் கடந்தது. அதன் வெளிச்சம் காருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்து இருக்கையின் மேல் விழுந்து போனது. பெல்ட் இருக்கையில் படிந்திருக்கவில்லை. மெலிந்த ஓர் உடம்பைச் சுற்றிக் கட்டியதுபோல, தோளில் சாய்ந்து, இடுப்பில் வளைந்து, வெறும் காற்றில் இறுக்கமாக நின்றது.